கல்லா அருகில் ஒரு முகக்கவசப் பெட்டி

ஐப்பசி பிறந்துவிட்டால் நமது கடைகளில் சரக்கோடு சரக்காகச் சளியும் இருமலும் கைமாறத் தொடங்கிவிடும். மளிகைக் கடைக்காரர் நாள் முழுவதும் வருகிறவர்களோடு முகத்துக்கு முகம் நின்று பேசுகிறவர். எதிரில் நிற்பவர் இருமினால் விலகி நிற்க இடம் ஏது? ஒரு பக்கம் பருப்பு மூட்டை, மறுபக்கம் எண்ணெய் டின். மொத்த வியாபாரி படுத்தால் கணக்குப்பிள்ளை பார்த்துக்கொள்வார். தனிக்கடைக்காரர் படுத்தால் ஷட்டர் இறங்கும். டாக்டர் செலவு ஒருபுறம் இருக்க, நான்கு நாள் கடை மூடியிருந்தால் மாதக் கணக்கு வாடிக்கையும் அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

எனவே மழைக்காலம் முடியும்வரை ஒவ்வொரு கடையிலும் கல்லா அருகில் முகக்கவசப் பெட்டி ஒன்றை வைக்க நமது சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

“மறுபடியுமா?” என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அதில் நியாயம் உண்டு. கொரோனா காலத்தில் முகக்கவசம் நமக்கு அபராத ரசீதாகத்தான் அறிமுகமாயிற்று. தமிழ்நாட்டில் 200 ரூபாயாக இருந்த அபராதம் 2022 ஜனவரியில் 500 ரூபாய் ஆனது. அதிகாரியின் வண்டி தெருமுனையில் தெரிந்தால் தாடையில் கிடந்தது மூக்குக்கு ஏறும். வண்டி போனதும் இறங்கிவிடும். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போன கசப்பும் இன்னும் ஆறவில்லை.

ஆனால் அபராதம் இல்லாமலே இதைச் செய்து பார்த்த ஊர்கள் உண்டு. வங்காளதேசத்தில் 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை 600 கிராமங்களில், மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடையே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதி கிராமங்களை அப்படியே விட்டுவிட்டார்கள். மற்றப் பாதியில் வீடு வீடாக இலவசமாகக் கவசம் கொடுத்தார்கள். சந்தையிலும் மசூதியிலும் ஆள் நிறுத்தி, போடாதவரிடம் தன்மையாகச் சொன்னார்கள். ஊர்ப் பெரியவர்களும் இமாம்களும் தாங்களே போட்டுக் காட்டினார்கள். விட்டுவைத்த கிராமங்களில் 100-க்கு 13 பேர் போட்டிருந்தபோது, இங்கே 42 பேர் போட்டார்கள். ஊருக்குப் பணப் பரிசு, செல்போனில் செய்தி என்றெல்லாம் கூடுதலாகச் செய்து பார்த்ததில் பயன் கூடவில்லை. கையில் கொடுத்ததும், நேரில் சொன்னதும், பெரியவர் போட்டதும்தான் வேலை செய்தன.

நோய் எவ்வளவு குறைந்தது? மருத்துவர்கள் போடும் சர்ஜிகல் கவசம் கொடுத்த கிராமங்களில், அறிகுறியோடு வந்து இரத்தப் பரிசோதனையிலும் உறுதியான கொரோனா சுமார் 11 சதவீதம் குறைந்தது. துணிக் கவசத்தில் அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. பதினொன்றுதானா என்று கேட்கலாம். இரண்டு, மூன்று சதவீதத்துக்குச் சர்க்கரை விற்கிற நாம் அப்படிக் கேட்கக் கூடாது! அதுவும் பாதிப் பேர்கூடப் போடாத ஊர்களில் வந்த பலன் இது. 60 வயதைத் தாண்டியவர்களிடம் சர்ஜிகல் கவசத்தால் கிடைத்த குறைவு சுமார் 35 சதவீதம். நமது கடைகளில் கல்லாவில் உட்கார்ந்திருப்பது யார்? பெரும்பாலும் அந்த வயது அப்பாவும் பெரியப்பாவும்தான். சளி நெஞ்சில் இறங்கி ஆஸ்பத்திரிப் படுக்கை வரை போகிறவர்களும் அவர்களே.

எல்லா ஆய்வும் ஒரே மாதிரி சொல்லவில்லை. 2020-ல் டென்மார்க்கில் நடந்த ஆய்வில் கவசம் போட்டவருக்கும் போடாதவருக்கும் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. 2023-ல் நார்வேயில் சுமார் 4,600 பேரை வைத்து இரண்டு வாரம் பார்த்தார்கள். பொது இடத்தில் சர்ஜிகல் கவசம் போட்டவர்களில் 8.9 சதவீதம் பேரும், மற்றவர்களில் 12.2 சதவீதம் பேரும் சளி, இருமல் போன்ற தொந்தரவு வந்ததாகச் சொன்னார்கள். அவரவர் வாயால் சொன்ன கணக்கு என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் எடுக்க வேண்டும். ஆக, இது கைகண்ட மருந்தல்ல. செலவு குறைந்த ஒரு தடுப்பு.

வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தும் பேச்சே வேண்டாம். இருமுகிறவர் வந்தால், “அண்ணாச்சி, இதைப் போட்டுக்கிடுங்க” என்று ஒன்றை எடுத்து நீட்டினால் போதும். கோபித்துக்கொள்கிறவர் சிலர் இருப்பார்கள், விட்டுவிடலாம். கடையிலேயே படுத்துறங்கும் பையன்களுக்கு இருமல் வந்தால், கவசம் கொடுத்ததோடு நிற்காமல் இரண்டு நாள் ஓய்வும் கொடுக்க வேண்டும். வத்தல் மண்டிக்காரர்கள் இதை மிளகாய்த் தூசிக்குக் கவசமாக நினைத்துவிட வேண்டாம். ஓரத்தில் இடைவெளி விடும் இந்தக் கவசம் தூசிக்குப் போதாது. அதற்கு முகத்தோடு இறுகிப் பொருந்தும் என்-95 வேண்டும்.

பெட்டிக்கு 50 வருகிறது. ஈரமானாலோ அழுக்கானாலோ மாற்ற வேண்டியிருப்பதால் கடைக்கு எத்தனை பெட்டி என்பதைச் செயற்குழு தீர்மானிக்கட்டும். மொத்தக் கொள்முதல் விலையை விசாரித்துச் சொல்லும் பொறுப்பை, மருந்து வணிகம் செய்யும் நமது உறுப்பினர்கள் புரட்டாசிக் கூட்டத்துக்குள் ஏற்றுக்கொள்ளலாம்.