கட்டிப் போட்ட குதிரை

இங்கிலாந்திலிருந்து ஓர் இளம் வாசகர் கேட்கிறார்: ஜப்பானிலிருந்து வந்த பழைய ஹோண்டா என்ஜின் ஒன்றை வாங்கியிருக்கிறாராம். விற்றவர், "1990-ஆம் வருஷத்து என்.எஸ்.ஆர். 250. பிரேம் எம்.சி. 21" என்று சத்தியம் செய்கிறார். என்ஜினிலோ 'எம்.சி. 16 இ' என்று வெட்டியிருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? இதன் கட்டை அவிழ்ப்பது எப்படி?

பதற வேண்டாம், தம்பி. 1987 மாடலாக வந்த முதல் என்.எஸ்.ஆரின் பிரேமுக்குத்தான் எம்.சி. 16 என்று பெயர். 1988-ல் எம்.சி. 18, 1990-ல் எம்.சி. 21 என்று பிரேம் மாறிக்கொண்டே போயிற்று. என்ஜின் மட்டும் பழைய எழுத்தை விடவில்லை. புக்ககம் போயும் பிறந்த வீட்டு இனிஷியலை விடாத பெண்ணைப் போல! வருஷத்தைச் சொல்வது அந்த எழுத்துக்குப் பின்னால் வரும் இலக்கங்கள். கம்பெனியின் உதிரிபாகப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். எண் வெட்டிய இடத்தை விரலால் தடவியும் பாருங்கள். அரம் போட்ட வழவழப்போ, கோணல் எழுத்தோ தட்டுப்பட்டால் அது திருட்டுச் சொத்தாக இருக்கலாம், தொடவே வேண்டாம்.

கட்டு எதற்கு? 1980-களில் ஜப்பானியக் கம்பெனிகள் தங்களுக்குள் வரம்பு வைத்துக்கொண்டன. 250 ஸி.ஸி.க்கு 45 குதிரைச் சக்தி, 400-க்கு 59. 1992-ல் அதையும் 40, 53 என்று குறைத்தார்கள். 2007-ல்தான் கைவிட்டார்கள்.

கட்டு ஒரே இடத்தில் இராது. மின்பொறியை ஆளும் பெட்டியில் கொஞ்சம், காற்று நுழையும் வாயில் கொஞ்சம், சைலன்ஸரில் கொஞ்சம். ஒன்றை அவிழ்த்து மற்றதை விட்டால்தான் வினை. காற்று வழியைத் திறந்துவிட்டு, கார்ப்பரேட்டரில் பழைய சின்ன ஜெட்டையே விட்டுவைத்தால், காற்று மிகுந்து பெட்ரோல் குறையும். இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினுக்கு மசகெண்ணெயும் பெட்ரோல் கலவையோடுதான் போகிறது. பிஸ்டன் பழுத்து, சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். அதுவும் நூறு மைல் வேகத்தில்! பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். இடது கை உடனே கிளட்சைப் பிடிக்காவிட்டால் ஆள் தரையில்தான்.

கட்டை அவிழ்க்காமலே இந்த ஆபத்து வரலாம் என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். முப்பது வருஷமாகச் சும்மா கிடந்த என்ஜினில் கிராங்க் தண்டின் இரு முனையிலும் உள்ள ரப்பர் சீல்கள் காய்ந்து விறைத்திருக்கும். அந்த இடுக்கில் திருட்டுக் காற்று நுழையும். ஆகவே, முதல் செலவு சீலுக்கு. பிறகு வாய்களை அடைத்து, மெல்லக் காற்றேற்றி, அழுத்தம் நிற்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். ஓட்டிய பின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பிப்பொடி நிறம் இருந்தால் நல்லது; சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் அன்றே நிறுத்துங்கள்.

உங்கள் ஊர்ச் சட்டமும் ஒன்று உண்டு. என்ஜினை மாற்றினால் வண்டிப் பதிவில் எண்ணை மாற்ற வேண்டும். இன்ஷ்யூரன்ஸுக்கும் சொல்ல வேண்டும். ஏ-2 லைசென்ஸுக்கு 35 கிலோவாட் உச்சவரம்பு, அதற்கு மேல் எடைக் கணக்கும் உண்டு. கட்டு அவிழ்த்த என்.எஸ்.ஆர். அதற்குள் அடங்காது. உங்களிடம் இருப்பது எந்த லைசென்ஸ் என்று கடிதத்தில் காணோமே! அதையும் என்ஜினின் முழு எண்ணையும் எழுதுங்கள். ஜெட் அளவைப் பற்றி அப்புறம் பேசுவோம்.