வயதா, புகையா?

கிங்ஸ் சர்க்கிளில் மகேஸ்வரி உத்யானைச் சுற்றியுள்ள தெருக்களிலும், மாட்டுங்காவின் பழைய கட்டிடங்களின் முன்னாலும் வரிசையாக நிற்கும் கார்களில் ஒரு தலைமுறைக் கார்களை எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம். 2010-க்கும் 2013-க்கும் இடையில் வாங்கப்பட்ட டீசல் கார்கள் அவை. ஸ்விஃப்ட் டிசையர், டாட்டா இண்டிகோ, டொயோட்டா எடியோஸ் போன்றவை. பின்னால் டிக்கி உள்ள, குடும்பம் முழுவதும் ஏறக்கூடிய சாதாரண வண்டிகள். இவற்றுக்கு இப்போது ஒவ்வொன்றாகப் பதினைந்து வயது நிறைந்து வருகிறது. பதினைந்து ஆண்டு என்பதுதான் காரின் பதிவுச் சான்றிதழுக்கு உள்ள ஆயுள். அதற்கு மேல் ஓட வேண்டுமானால் ஆர்.டி.ஓ. முன் நிறுத்தி, தகுதி பெற்று, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். வண்டியை வைத்துக்கொள்வதா, பழைய இரும்புக்குப் போடுவதா என்ற கேள்வி பல நடுத்தரக் குடும்பங்களின் முன் வந்து நிற்கிறது.

இந்தக் கார்கள் ஏன் இவ்வளவு பெருகின என்பதை மறந்துவிடக் கூடாது. 2010 ஜூனில் மத்திய அரசாங்கம் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. டீசலுக்கு மட்டும் மானியம் தொடர்ந்தது. 2012 மே மாதத்தில் பெட்ரோல் விலை ஒரேயடியாக உயர்ந்தபோது, மும்பையில் இரண்டுக்கும் இடையே லிட்டருக்கு முப்பது ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. விவசாயிக்கும் லாரிக்கும் என்று கொடுக்கப்பட்ட மானியத்தைக் கார் வாங்கியவர்களும் அனுபவித்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த விலையைப் பார்த்துக் கணக்குப் போட்டு, பெட்ரோல் காரைவிட லட்ச ரூபாய் அளவுக்குக் கூடுதலாகக் கொடுத்து டீசல் கார் வாங்கியவரைக் குற்றம் சொல்வது எப்படி? 2014 அக்டோபரில் டீசல் கட்டுப்பாடும் போயிற்று. 2025-ல் மும்பையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பதின்மூன்று ரூபாய் அளவே. டீசலில் பெயர் பெற்ற மாருதி கம்பெனியே 2020 ஏப்ரலில் டீசல் கார்களைக் கைவிட்டது. வாங்கச் சொன்ன காற்று திசை மாறிவிட்டது. வாங்கியவர் கையில் வண்டி இருக்கிறது.

அந்த வண்டி பெரும்பாலும் அன்றாட ஆபீசுக்குப் போவதில்லை. அதற்கு ரயில் இருக்கிறது. நள்ளிரவில் பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, மழை மாலையில் வயதான தம்பதி சண்முகானந்தா மண்டபத்தில் கச்சேரி கேட்டுத் திரும்ப, ஆண்டுக்கு ஒருமுறை ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடித் திருநெல்வேலிச் சீமைக்குப் போய்வர உதவுகிறது. தாராவியிலும் செம்பூரிலும் சிறு வியாபாரிக்கு அதுவே சரக்கு வண்டி. மாதம் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்குப் பதினைந்து கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு லிட்டர் டீசல் போதும். இந்தச் சொற்ப ஓட்டத்துக்காகப் புதுக் கார் வாங்கி, ஐந்தாறு ஆண்டு தவணை கட்டுவது ஓய்வூதியக்காரர் வீட்டில் நடக்கிற காரியமல்ல.

இன்னொரு புறம் சட்டத்தின் பிடி இறுகி வருகிறது. காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த மத்தியக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாயிற்று. இருபது வயதைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாயாக்கப்பட்டது. மாநிலத்தின் சுற்றுச்சூழல் வரி தனி. டில்லியில் பத்து வயது கடந்த டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது. மும்பையில் 2025 ஜனவரியில் காற்று மாசு பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் கவலை தெரிவித்ததை அடுத்து, பெட்ரோல், டீசல் வண்டிகளைப் படிப்படியாக நிறுத்த முடியுமா என்று ஆராய மாநில அரசாங்கம் ஏழு பேர் குழுவை நியமித்தது.

டீசல் புகை விளையாட்டான பொருளல்ல. அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012 ஜூனில் வகைப்படுத்தியது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அல்லர். சயான் சந்திப்பில் நடைபாதையில் காய்கறி விற்பவரும், தாராவி அறுபதடி ரோட்டில் வாசலிலேயே குழந்தையை உட்காரவைத்திருக்கும் தாயும்தான். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் கார்களில் கரித்துகளைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி உண்டு. பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது இல்லை. ஆகவே பழைய டீசல் கார் எவ்வளவு நன்றாகப் பராமரிக்கப்பட்டாலும் புது வண்டிக்கு ஈடாகாது. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

ஆனால் வயதும் புகையும் ஒன்றல்ல. ஒரே மாதத்தில், ஒரே கம்பெனியில் வாங்கிய இரண்டு கார்களில் ஒன்று கரும்புகை தள்ளும். மற்றொன்றின் சைலன்சர் வாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்தாலும் இலேசாகத்தான் கறுக்கும். வித்தியாசம் பராமரிப்பில் இருக்கிறது. கரும்புகை என்றால் டீசல் முழுதும் எரியவில்லை என்று பொருள். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், இன்ஜெக்டர் சரியாகத் தூவாமல் சொட்டலாம், டர்போவிலிருந்து வரும் ரப்பர்க் குழாய் விரிந்து காற்று கசியலாம். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. காலையில் வெள்ளைப்புகை வந்து சிறிது நேரத்தில் நின்றுவிட்டால் ஹீட்டர் பிளக்கைப் பார்க்க வேண்டும்; நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் காஸ்கெட் போயிருக்கிறது. இவற்றில் ஏர் ஃபில்டர், ரப்பர்க் குழாய் ஆகியவற்றின் செலவு சில நூறு, சில ஆயிரம் ரூபாயில் முடியும். கவனிக்காமல் விட்டால் எஞ்சினையே இறக்க வேண்டிவரும்.

சிக்கனம் என்ற பெயரில் பலர் செய்வது தலைகீழான சிக்கனம். டிங்கரிங், பெயிண்ட், புது சீட் கவர், பாட்டுப் பெட்டி ஆகியவற்றுக்குத் தாராளமாகச் செலவு செய்கிறார்கள். டீசல் ஃபில்டரை மாற்றச் சொன்னால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார்கள். டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும் என்பது பாதிப்பேருக்குத் தெரியவே தெரியாது. அந்தத் தண்ணீரும் தூசும் உள்ளே போனால் முதலில் கெடுவது உயர் அழுத்தப் பம்பும் இன்ஜெக்டர்களும். இந்த எஞ்சினில் விலையுயர்ந்த பாகங்கள் அவையே. ஆயிலை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் டர்போ போகும். வெறும் குழாய்த் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே துரு படிந்து, ஒருநாள் மலைப்பாதையில் சூடேறி ஹெட் வளைந்துவிடும். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின்களில் அந்தப் பெல்ட்டைக் கம்பெனி சொன்ன கணக்கில் மாற்றியே ஆக வேண்டும். அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். முதலில் பிரேக், டயர், ஸ்டியரிங், அடுத்து குளிர்ச்சி, ஆயில், ஃபில்டர், மிச்சமிருந்தால் பெயிண்ட். அனுபவமுள்ள எந்த மெக்கானிக்கும் இந்த வரிசையைத்தான் சொல்வார்.

கிங்ஸ் சர்க்கிள்வாசிகளுக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஜூன் பிறந்தால் காந்தி மார்க்கெட்டில் தண்ணீர் தேங்கும் என்பது மும்பை முழுவதும் அறிந்த செய்தி. ஒரே நாளில் சாந்தா குரூசில் 944 மில்லிமீட்டர் கொட்டிய 2005 ஜூலை 26-ஐச் சொல்லவே வேண்டாம். சாதாரண மழைக்கே அங்கு சக்கரம் மூழ்குகிறது. டீசல் எஞ்சின் காற்றை உள்ளே இழுத்து, பதினாறு பதினேழு மடங்கு அமுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலை எரிப்பது. காற்றுக்குப் பதில் தண்ணீர் உள்ளே போனால் அது அமுங்காது. அமுங்காத தண்ணீரோடு மோதிக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பாமல், தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோய், மெக்கானிக் வந்து உள்ளிருக்கும் தண்ணீரை எடுத்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். தண்ணீர் வடிந்ததும் ஆர்வத்தோடு ஒருமுறை சாவியைத் திருப்பிப் பார்த்து, வண்டியின் மதிப்புக்கு மேல் செலவை வரவழைத்துக்கொண்டவர்கள் உண்டு. எஞ்சினுக்கான தனி இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு இவ்வளவு வயதான காருக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. வடிகால் வேலையை ஒவ்வொரு ஆண்டும் மே மாதக் கடைசியில் நினைத்துக்கொள்ளும் மாநகராட்சி, இந்தச் செலவையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

ரிப்பேருக்கு மும்பையைப்போல் வசதியான ஊர் குறைவு. ஆபரா ஹவுஸ் பக்கம் புதுச் சாமான், குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் உடைத்த வண்டிகளின் பழைய சாமான். கண்ணாடி, கதவு, விளக்கு, ஆல்டர்னேட்டர் ஆகியவற்றைப் பழைய சாமானாக வாங்குவதில் தவறில்லை. பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் மட்டும் அந்தச் சிக்கனம் ஆகாது. குர்லாவுக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. பிரீமியர் கம்பெனி ஃபியட் காரை, பிறகு பத்மினியை, அங்கேதான் செய்தது. உற்பத்தி 2001-ல் நின்றபிறகும் கறுப்பு மஞ்சள் டாக்சியாக அந்த வண்டிகளை இருபது ஆண்டுக்கு மேல் ஓட்டிக் காட்டியவர்கள் இந்நகரத்து டாக்சிக்காரர்களும் மெக்கானிக்குகளும். டாக்சிக்கு இருபது வயது வரம்பு வந்ததால் 2023 அக்டோபர் 30-ஆம் தேதியோடு கடைசிப் பத்மினி டாக்சியும் விடைபெற்றது. டிசையரில் இருந்த டீசல் எஞ்சினும் ஃபியட் உருவாக்கியதே. சொந்தம் விட்டுப்போகவில்லை போலும்! ஆனால் டாக்சிகளைப்போல் இந்தக் கார்களை எரிவாயுவுக்கு மாற்றிவிட முடியாது. டீசல் எஞ்சினில் தீப்பொறிக்குப் பிளக் இல்லை. அதை மாற்றப் புகுந்தால் எஞ்சினையே திரும்பச் செய்வது போலாகும்.

வண்டியின் கதியை எதைக் கொண்டு தீர்மானிப்பது? புகையைக் கொண்டுதான். அளவும் ஏற்கெனவே இருக்கிறது. மும்பையில் 2010 ஏப்ரலுக்குப் பின் விற்ற பாரத் ஸ்டேஜ் 4 டீசல் காரின் புகை அடர்த்தி 50 ஹார்ட்ரிட்ஜ் அலகைத் தாண்டக் கூடாது. அதற்கு முந்தியவற்றுக்கு வரம்பு 65. உச்ச நீதிமன்றமும் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. டில்லியில் வயதை மட்டும் காரணமாக வைத்து உரிமையாளர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று 2025 ஆகஸ்டில் கூறி, அந்தப் பாதுகாப்பு பாரத் ஸ்டேஜ் 4-க்கும் அதற்குப் பிந்திய வண்டிகளுக்கும் மட்டுமே என்று டிசம்பரில் திருத்தியது.

அளவு இருந்து என்ன? அளப்பவர் சரியாக அளக்க வேண்டுமே. வரம்பு மீறியிருந்தும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்குப் புகைச் சான்றிதழ் கொடுக்கப்பட்டதாக, 2025 ஏப்ரலில் டில்லி சட்டசபையில் வைக்கப்பட்ட கணக்குத் தணிக்கை அறிக்கை கூறியது. மற்ற நகரங்கள் இதைப் படித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. குழாயைச் சைலன்சரில் முழுதாகச் செருகாமல், ஆக்ஸிலேட்டரை அழுத்தாமல், பணத்தை வாங்கிக்கொண்டு தாளைக் கொடுக்கும் இடம் எங்கே என்று கார்க்காரர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் நிலை இருக்கும் வரையில், ஒழுங்காக ஃபில்டர் மாற்றுகிறவர் ஏமாளியாகிறார்.

மாநில அரசாங்கம் செய்யவேண்டிய முதல் வேலை இந்தச் சோதனையை நேர்மையாக்குவதே. தாட்தேவிலும் வடாலாவிலும் பதிவைப் புதுப்பிக்க வரும் டீசல் காருக்கு, மனிதக் கை புகாத இயந்திரச் சோதனையாகப் பிரேக்கும் புகையும் பார்க்கப்பட வேண்டும். தவறினால் எந்த பாகத்தில் குறை என்று எழுதிக் கொடுத்து, ரிப்பேர் செய்ய ஒரு மாதம் தவணை தரலாம். இரண்டாம் முறையும் தவறினால் தயவு தாட்சணியம் தேவையில்லை. சோதனையில் தேறிய வண்டிக்குக் கட்டணத்தைத் தண்டனையாக உயர்த்திக்கொண்டே போவது நியாயமல்ல. பணம் உள்ளவர் 10,000 ரூபாய் கட்டிப் புகை விடலாம், இல்லாதவர் சுத்தமான வண்டியையும் விற்க வேண்டும் என்பதுதான் அதன் விளைவு.

வண்டியை விட்டுவிட வேண்டிய கட்டமும் உண்டு. கடற்காற்றில் அடித்தட்டு துருப்பிடித்து, ஜாக்கி வைத்தால் தகடு உள்ளே போகிறது என்றால் எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் காரில் குடும்பத்தை ஏற்றக் கூடாது. ஓராண்டு ரிப்பேர்ச் செலவு வண்டியின் விலையை எட்டிவிட்டாலும் அப்படியே. அப்போது தெருவோர இரும்புக்காரரிடம் போடாமல், பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கினால், புது வண்டியின் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதி இடமளிக்கிறது. புதுக் கார் வாங்க முடியாத ஓய்வூதியக்காரருக்கு அந்தச் சலுகையால் ஒரு பயனும் இல்லை. அவருக்கு ரொக்கமாக நியாய விலை கிடைக்க வழி செய்வதைப் பற்றி ஏழு பேர் குழு பரிசீலித்திருக்குமானால், அதை அரசாங்கம் வெளியிட வேண்டும்.