யாரும் கேட்காத கேள்விகள்

மென்பொருள் இன்னும் வெளியாகவே இல்லை. பயனர் என்று ஒரு ஆள்கூடக் கிடையாது. ஆனால் அதன் உதவிப் பக்கத்தில் ‘அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்’ இருபது தயார். யார் கேட்டார்கள்? எப்போது கேட்டார்கள்? நான் வேலை பார்த்த இடங்களில் இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் இருந்ததில்லை.

இந்த வடிவம் பொய்யாகப் பிறக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில், விண்வெளி பற்றிய ஒரு மின்னஞ்சல் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அதனால் பதில்களைத் தொகுத்து வைத்தார்கள். கேள்வி முதலில் வந்தது, பட்டியல் பிறகு. நாம் அதைத் தலைகீழாக்கிவிட்டோம்.

நம் வினாவிடை நூல்களில்கூட இந்தப் பாசாங்கு கிடையாது. ஆறுமுக நாவலரின் ‘சைவ வினாவிடை’யில் வினாவும் ஆசிரியருடையதுதான். பாடத்தின் வரிசைக்காக எழுதியது என்று படிக்கிறவருக்குத் தெரியும்.

‘ஏதோ ஒரு இடத்துல தகவல் இருக்கே, விடுப்பா’ என்பார்கள். சிக்கலே அங்கேதான். பணம் திரும்ப வர 7 நாள் என்று கட்டணப் பக்கம் சொல்லும். விதி மாறுவதற்கு முன் எழுதிய கேள்வி-பதில் 5 நாள் என்று சொல்லும். ஆறாம் நாள் வாடகை கொடுக்கப் பணமில்லாமல் நிற்கிறவர் எதை நம்புவார்?

ஆங்கிலத்தில் பாதிக் கேள்விகள் ‘ஹவ் டூ ஐ’ என்றே தொடங்கும். தேடுகிற கண்ணுக்குப் பிடிமானமே இல்லை. தமிழில் ‘கடவுச்சொல்லை மாற்றுவது எப்படி?’ என்று வேண்டிய சொல் முன்னால் வந்துவிடுகிறது. நல்லது. இப்போது அந்த ‘எப்படி’யை வெட்டிப் பாருங்கள். தலைப்பு தயார். கேள்விக்குறி எதற்கு? பயனரின் தேவையிலிருந்து தொடங்கி எழுதினால் கேள்வி-பதில் பட்டியலே தேவைப்படாது என்கின்றன பிரிட்டன் அரசு இணையதளத்தின் எழுத்து விதிகள். எனக்கும் அதே கட்சிதான்.

அப்போ, மொத்தமாக ஒழித்துவிடலாமா? வேண்டாம். உதவி மையத்துக்கு நிஜமாக வந்த கேள்விகளை மாதம் ஒருமுறை எண்ணுங்கள். ஒரே கேள்வியை நாற்பது பேர் கேட்டிருந்தால், கோளாறு உங்கள் திரையில் இருக்கிறது, அல்லது கையேட்டில். அங்கே போய்த் திருத்துங்கள். திருத்த நாளாகும் என்றால் அதுவரை பட்டியலில் வையுங்கள், தேதி போட்டு. திருத்தியதும் தூக்கிவிடுங்கள். ஒழுங்காக நடக்கிற இடத்தில் இந்தப் பட்டியல் சுருங்கிக்கொண்டே வரும். வருடத்துக்கு வருடம் நீள்கிறது என்றால், கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறோமே தவிர, அவர்கள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம்.