கூட்டாளி என்றால் பொறுப்பாளி!

துவாக்குடி வட்டாரத்துப் பட்டறைகள் திருச்சி பெல் ஆலையை நம்பி வளர்ந்தவை. வரைபடத்தின்படி பாகம் செய்து, பரிசோதனையில் தேறினால்தான் கொதிகலனில் சேரும். ஆனால் வரைபடம் பெல்லுடையது. ஆர்டர் குறைந்தால் பட்டறை தவிக்கும்!

கணினி மேகத்தில் இன்னொரு வழி இருக்கிறது. 2010-ல் நாசாவும் ராக்ஸ்பேஸும் தொடங்கிய ‘ஓப்பன்ஸ்டாக்’ திறந்த மூலத் தளம். அதன் வரைபடம், அதாவது மூல நிரல், எல்லோர் கையிலும் உண்டு! அப்படியென்றால் கூட்டாளி நிறுவனத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது! தன் சேமிப்புக் கருவியை ‘சிண்டர்’ பகுதியோடு இணைக்க, ‘டிரைவர்’ நிரல் எழுதிப் பொதுவில் தர வேண்டும். தளத்தின் நிரல் மாற மாற, தன் கருவியிலேயே சோதித்து முடிவைச் சொல்ல வேண்டும். சோதனையை நிறுத்தினால் ‘ஆதரவு இல்லை’ என்ற முத்திரை விழும்!

இதுதான் நியாயம் என்பேன். ‘இலவசம்தானே’ என்று எடுத்து, செய்த திருத்தத்தைத் தன் பெட்டியில் பூட்டும் கம்பெனி, அடுத்த பதிப்பு வந்ததும் தனியாக அல்லாடும்.

நமக்கென்ன லாபம் என்கிறீர்களா? ஸ்ரீரங்கத்து மாடி அறையிலிருந்தும் அந்த நிரலைப் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். அங்கே பி.இ.யா, டிப்ளமோவா என்று கேட்கமாட்டார்கள். சோதனையில் தேறியதா என்றுதான் பார்ப்பார்கள். இன்றே படிக்கத் தொடங்குவோம்!