முன்கோபமும் பேரேடும்



தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு கடைக்காரரைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல வேண்டுமென்றால், "கொஞ்சம் முன்கோபிங்க, ஆனா மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டாருங்க" என்பார்கள். கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும் என்ற பழமொழியும் துணைக்கு வந்துவிடும். இந்தப் பாராட்டைக் கொஞ்சம் தராசில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மனதில் வைத்துக்கொள்ளாதவர் யார்? திட்டியவர். திட்டு வாங்கிய சிப்பந்தியை யாரும் கேட்கவில்லையே!

அமெரிக்காவில் கேட்டிருக்கிறார்கள். ராய் பாமைஸ்டர் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் 1990-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிறர் தன்னைக் கோபப்படுத்திய சம்பவம் ஒன்று, தான் பிறரைக் கோபப்படுத்திய சம்பவம் ஒன்று என்று ஒவ்வொருவரையும் இரண்டு எழுதச் சொன்னார்கள். எழுதுகிற ஆள் ஒருவர்தான். கணக்கு மட்டும் இரண்டு விதமாக வந்தது. தான் செய்ததை எழுதும்போது, அதற்குக் காரணம் இருந்தது, அது அன்றோடு முடிந்தது என்ற தொனி. தனக்கு நேர்ந்ததை எழுதும்போது, காரணமே இல்லாமல் செய்தார், அதன் பாதிப்பு இன்னும் தீரவில்லை என்ற தொனி. நம் பாஷையில் சொன்னால், ஒருவர் பேரேட்டில் நேர் செய்யப்பட்ட கணக்கு மற்றவர் பேரேட்டில் நிலுவையாகவே நிற்கிறது.

அதே ஆய்வில் முதலாளி தரப்புக்கும் நியாயம் இருக்கிறது. கோபப்படுத்தப்பட்டவர் பல சமயம் முதல் தடவையே வெடிப்பதில்லை. பலவற்றைப் பொறுத்துவிட்டு ஒன்றில் வெடிக்கிறார். பையன் காலையில் தாமதமாக வந்தான். பருப்பு மூட்டையை ஈரத் தரையில் வைத்தான். சில்லறையை மாற்றிக் கொடுத்தான். அத்தனையும் பொறுத்துக்கொண்டு, மாலையில் கூட்டம் நிற்கும்போது ஓர் எண்ணெய்ப் பாக்கெட் கைதவறி விழுந்ததும் வட்டியும் முதலுமாக வாங்கிவிடுகிறார். பையனுக்குத் தெரிந்தது அந்த ஒரு பாக்கெட் மட்டுமே. அதற்கா இத்தனை பேர் முன்னால் இவ்வளவு என்று அவன் நினைத்துக்கொள்கிறான். கடன் பாக்கியைச் சேரவிடக் கூடாது என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தவறுகளை மட்டும் ஏன் சேரவிடுகிறோம்? காலையில் நடந்ததைக் காலையிலேயே, ஆளில்லாத நேரமாகப் பார்த்து, இரண்டு வார்த்தையில் சொல்லிவிடலாமே.

கொட்டித் தீர்த்தால்தான் ஆறும் என்பவர்களும் உண்டு. பிராட் புஷ்மன் என்பவர் 2002-ல் வெளியிட்ட சோதனையில் 600 கல்லூரி மாணவர்களைக் கோபமூட்டி, ஒரு பகுதியினரை, கோபமூட்டியவனை நினைத்துக்கொண்டே மணல்மூட்டை போன்ற பையைக் குத்தச் செய்தார். குத்தியவர்களைவிடச் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கே கோபம் குறைவாக இருந்தது. இது போன்ற 154 ஆய்வுகளை 2024-ல் சேர்த்துப் பார்த்தபோதும், உடலைத் தணிக்கிற காரியங்களே கோபத்தைத் தணித்தன. மூச்சிரைக்க ஓடுவதுகூட உதவவில்லை. அதே ஆண்டு வந்த கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு நம் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டியது. நோய் நொடி இல்லாத 280 பேரைக் கொண்டு செய்தது. கோபமூட்டிய ஒரு பழைய சம்பவத்தை 8 நிமிடம் நினைத்ததற்கே, ரத்தக்குழாய் விரிந்து கொடுக்கும் திறன் 40 நிமிடம் வரை குறைந்திருந்தது. சர்க்கரையும் பிரஷரும் வைத்துக்கொண்டு கல்லாவில் இருப்பவர்கள் தங்கள் நாளைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கோபமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டில் வெகுளியையும் ஒன்றாக வைத்து, அதற்கு நான்கு காரணங்கள் சொல்கிறது: உறுப்பை அறுப்பது, குடிக்குக் கேடு செய்வது, அடித்து அலைப்பது, கொல்லத் துணிவது. நான்கும் கனமானவை. எண்ணெய்ப் பாக்கெட் அந்தப் பட்டியலில் இல்லை. ஜேம்ஸ் ஆவ்ரில் என்ற ஆய்வாளரும், கோபத்துக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் தங்கள் தவறை உணர்ந்ததாகச் சொன்னதை 1982-ல் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் கண்ட கோபம் பெரும்பாலும் வேண்டியவர்களுக்குள், பழகியவர்களுக்குள் எழுந்தது. அங்கே பதில் பேசலாம். கடையில் பையன் பதில் பேச முடியுமா?

நமது கோபம் ஆள் பார்த்துத்தான் வருகிறது. நரசீபுரத்திலிருந்து சின்ன வெங்காயம் கொண்டு வரும் விவசாயி எடையில் குறை சொன்னாலும், "ஏனுங்க, இன்னொருக்கா போட்டுப் பாத்துரலாமுங்க" என்கிறோம். சரக்குக் கடன் கொடுக்கும் மொத்த வியாபாரி நாலு வார்த்தை கூடச் சொன்னாலும் சிரித்துக்கொள்கிறோம். அடக்கத் தெரியாதவர்கள் அல்லவே நாம்! கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அடக்குவதைத்தான் வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே கேட்கிறார்.

இதெல்லாம் தர்மோபதேசம் என்று தள்ளிவிட முடியாது. கோவையில் மில் இருக்கிறது, பெரிய அங்காடிகள் இருக்கின்றன, வண்டி இருந்தால் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை இருக்கிறது. பையன் நின்றுவிட்டால் மூட்டை இறக்க ஆள் தேடுவது நாம்தான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறவர்களுக்கு நம் தமிழ் புரியாமல் போகலாம். முகம் புரியாமல் போகாது.

சங்கம் செய்யக்கூடிய காரியமும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில், பச்சை விளக்கு விழுந்த பிறகும் நகராத காருக்குப் பின்னால் யார் எவ்வளவு ஹாரன் அடிக்கிறார்கள் என்று எண்ணி 1986-ல் வெளியிட்டார்கள். வெயில் ஏற ஏற ஹாரனும் ஏறியது; ஜன்னலைத் திறந்து வைத்திருந்தவர்கள் இன்னும் அதிகம் அடித்தார்கள். வெள்ளியங்கிரி சீசனில், சித்திரை வெயிலில், பத்து மணி நேரம் நிற்கிறவர்கள் நிறைந்த கடையில் நிதானம் எங்கிருந்து வரும்? சிப்பந்திகளுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழகத்தில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். கேரளம் அதை 2018-லேயே செய்தது. நம் உறுப்பினர் கடைகளில் எத்தனையில் ஸ்டூல் போட்டிருக்கிறது, கல்லாவைத் தாண்டி எத்தனை மின்விசிறி சுற்றுகிறது என்று அடுத்த பொதுக்குழுவுக்கு முன் வீதிவாரியாகக் கணக்கெடுக்க வேண்டும். பேக்கரிக்காரர்களும் ஜவுளிக்காரர்களும் முதலில் பெயர் கொடுத்தால் நன்றாயிருக்கும்.