விருந்தாளிக்கு மட்டும் எரியும் கேஸ்

நம் ஊர்ப் பெற்றோருக்கு,

கேஸ் அடுப்பு இல்லாத வீடு நம் தெருவில் இல்லை. கலைஞர் ஆட்சியில் இலவசமாகக் கிடைத்தது சில வீடுகளில், 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் வந்தது சில வீடுகளில். ஆனால் விடிந்ததும் தெருவில் நடந்து பாருங்கள், வீட்டுக்கு வீடு கூரைமேல் புகை. சிலிண்டர் மூலையில் துணி போர்த்தி நிற்கிறது. விருந்தாளி வந்தால் டீ போட, மழையில் விறகு நனைந்தால் சோறு பொங்க. நகையைக்கூட நாம் இவ்வளவு பத்திரமாக வைப்பதில்லை.

கேட்டால், விலை என்பீர்கள். பொய்யில்லை. 14.2 கிலோ சிலிண்டருக்கு முழுப் பணத்தையும் கையில் எண்ணிக் கொடுக்க வேண்டும். மானியம் உள்ளவர்களுக்கும் அது பிறகுதான் கணக்கில் ஏறும். அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கு அது மலை. சீமைக்கருவேல முள்ளோ கண்மாய்க்கரையில் சும்மா கிடக்கிறது. நானும் இந்தக் கணக்குப் போட்டவன்தான்.

போன ஐப்பசியில் என் பையனுக்கு இழுப்பு வந்தது. மழையில் நனைந்தான், ஐஸ் தின்றான் என்று டாக்டரிடம் அடுக்கினேன். “வீட்ல எதுல சமைக்கிறீங்க?” என்றார். “கேஸ் இருக்குங்க.” “இருக்கான்னு கேக்கல.” எனக்குப் பதில் வரவில்லை. ஆட்டோ, மருந்து, இரண்டு நாள் கூலி எல்லாம் சேர்த்துப் பார்த்தால், சும்மா கிடைத்த விறகு சும்மா இல்லை.

வீட்டு அடுப்புப் புகையால் 2020-இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் செத்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 2.37 லட்சத்துக்கு மேல் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். அந்த வயதில் நிமோனியாவில் சாகும் பிள்ளைகளில் நூற்றுக்கு 44 பேருக்குக் காரணமும் இந்தப் புகைதான். ஏன் பிள்ளைகள்? சமைக்கிற அம்மாவின் இடுப்பில் இருப்பது அவர்கள்தானே. மூத்த மகளோ பள்ளிக்கூடம் போகுமுன் ஊதாங்குழலும் கையுமாகக் குந்தியிருக்கிறாள். இங்கிலீஷ் மீடியத்துக்குக் கடன் வாங்கிக் கட்டுகிறோம். இருமலோடு அனுப்பி வைக்கிறோம்.

அப்பாக்களே, செல்போன் ரீசார்ஜ் ஒரு நாளாவது தவறியிருக்கிறதா? சிலிண்டர் பதிய மட்டும் “அடுத்த மாசம் பார்க்கலாம்.” அடுப்படிக்குள் கால் வைக்காதவர் கையில் அடுப்புக்கான பணம் இருந்தால் இப்படித்தான் ஆகும். அம்மாக்களே, விறகடுப்பு மீன்குழம்புக்கு ருசி தனிதான். ஞாயிற்றுக்கிழமை வெளியே மூட்டி வையுங்கள், நானும் வருகிறேன். தினமும் மூன்று வேளை வீட்டுக்குள் எதற்கு?

முழுக்க மாற முடியாதென்றால் பாதியாவது மாறுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கரண்ட் இலவசம். சின்ன ரைஸ் குக்கரில் ஒரு வேளைச் சோற்றுக்கு அரை யூனிட் போதும். வெந்நீர் அடுப்பை வாசலுக்கு வெளியே தள்ளுங்கள்.

இந்த மாதம் ரீசார்ஜ் போடும் அன்றைக்கே சிலிண்டரையும் பதிந்துவிடுங்கள். அது வரும்வரை, அம்மா உலை வைக்கும் நேரத்தில், கைக்குழந்தையை வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்காருங்கள் அப்பாக்களே.