கணக்கில் வராத கூலி

பேரிடர் ஆளைப் பார்த்து வருவதில்லை. நிவாரணமோ ஆளைப் பார்த்தே வருகிறது. இன்னும் சரியாகச் சொன்னால், ஆளைக்கூடப் பார்ப்பதில்லை. அவனுடைய பட்டாவையும் குடும்ப அட்டையையும் பார்த்து வருகிறது. பட்டா இல்லாதவனுடைய கண்ணீருக்கு அரசாங்கக் குறிப்பேட்டில் பத்தி ஒதுக்கப்படவில்லை. இது யாரோ ஒரு தாசில்தாரின் கல்மனத்தால் நேர்வதன்று. திட்டத்தின் அமைப்பிலேயே உள்ள ஓட்டை இது. அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்று காண விரும்புவோர் போடிநாயக்கனூருக்கு வந்து ஒரு நாள் விடியற்காலையில் நின்று பார்க்கட்டும்.

பொழுது புலருமுன்னே ஜீப்புகள் புறப்படுகின்றன. தூக்குச்சட்டியில் சோறும் கையில் போர்வையுமாகப் பெண்கள் நெருக்கியடித்து அமர்ந்திருக்கிறார்கள். கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டு ஏறி, மாநில எல்லையைத் தாண்டி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் இறங்குகிறார்கள். களையெடுப்பு, கவ்வாத்து, காய் எடுப்பு எல்லாம் அவர்கள் கைவேலைதான். மாலையில் மீண்டும் அதே மலைப்பாதை. அவர்கள் பறித்த காய் ஸ்டோரில் உலர்ந்து, பின்னர் அதே பாதையில் இறங்கி, போடியின் ஏல மையத்தில் விலைபோகிறது. இங்குள்ள கிடங்குகளில் அதைத் தரம் பிரிப்பவர்களும் பெண்களே. செடி ஒரு மாநிலத்தில், கை மற்றொரு மாநிலத்தில் என்பதே இந்தத் தொழிலின் உண்மை நிலை. நம்முடைய நிவாரண விதிகள் அறியாத நிலையும் இதுவே.

செடிக்கு ஒரு வரி, கைக்கு?

2018 ஆகஸ்டில் கேரளத்தைப் புரட்டிப்போட்ட வெள்ளம் இடுக்கியின் சரிவுகளையும் விடவில்லை. தோட்டங்கள் மண்ணோடு சரிந்தன. சரியாத இடங்களில் நீர் தேங்கி ஏலச்செடி அழுகிற்று. 2024 கோடையில் நேர்மாறாக, மழையின்றிச் செடிகள் கருகின. இத்தகைய காலங்களில் தோட்டக்காரருக்கு விதியில் ஒரு வரி இருக்கிறது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு 2022 முதல் 2026 வரைக்கென மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமான நீண்டகாலப் பயிருக்கு எக்டேருக்கு 22,500 ரூபாய், இரண்டு எக்டேர் வரை. ஏலம் நட்டு மூன்றாம் ஆண்டிலேதான் பலன் காணும் பயிர். ஆகவே இத்தொகை போதாது என்று சிறு தோட்டக்காரர் முறையிடுவதில் நியாயம் உண்டு. அந்த நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவருக்குப் போதாத ஒரு தொகையாவது உண்டு. அந்தச் செடியின் தூரில் குனிந்து களையெடுத்தவளுக்கு என்ன உண்டு?

விதியில் அவளுக்கும் இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு, பெரியவர் இருவருக்கு மிகாமல், ஊரக வேலை உறுதித் திட்டக் கூலி விகிதத்தில் 30 நாட்களுக்கு உதவி அளிக்கலாம் என்று அதே விதிகள் கூறுகின்றன. சொல் இருக்கிறது, செயல் எங்கே? பட்டியல் எடுப்பது அந்தந்த மாநில அரசு. நிதியும் அந்தந்த மாநிலத்தின் நிதி. மண் சரிந்தது உடும்பன்சோலையில். அவள் குடும்ப அட்டை இருப்பதோ போடியில். கேரளத்துக் கிராம அலுவலர் தம் கிராமத்தாரைத்தான் எழுதுவார்; அவள் அவருடைய கிராமத்தாள் அல்லள். தேனி மாவட்டத்து அலுவலரோ தம் எல்லைக்குள் பேரிடர் எதுவும் நிகழவில்லை என்பார். இருவர் சொல்வதும் விதிப்படி சரி. இரண்டு சரிகளுக்கு நடுவே ஒரு குடும்பம் பட்டினி கிடக்கிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இந்தப் பிளவு அப்பட்டமாகத் தெரிந்தது. எல்லை மூடப்பட்டது, ஜீப்புகள் நின்றன. மேலே களை வளர்ந்தது, கீழே கடன் வளர்ந்தது. நோய்க்கு எல்லை இல்லை என்று உலகமே பேசிக்கொண்டிருந்த நேரத்தில், கூலிக்கு எல்லை உண்டு என்று மலைப்பாதைத் தடுப்புக் கட்டைகள் சொல்லிக்கொண்டிருந்தன.

குரங்கணியும் பெட்டிமுடியும் கற்பிப்பவை

2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலேயுள்ள குரங்கணிக் காட்டில் தீப்பற்றியது. மலையேற்றம் வந்த இளைஞர்களும் பெண்களும் அதிலே சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்திய விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன, அமைச்சர்கள் வந்தனர், இறந்தோர் குடும்பத்துக்குத் தமிழக அரசு தலா 4 இலட்சம் ரூபாய் அறிவித்தது, விசாரணை நடந்தது, மலையேற்றத்துக்குப் புதிய விதிகள் பிறந்தன. இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. எரிகின்ற சரிவில் ஏறி, தீக்காயம் பட்டவர்களைப் போர்வையில் கிடத்தித் தூக்கி வந்தவர்களில் முன் நின்றவர்கள் அந்த மலைக் கிராமத்தாரும் தோட்டக் கூலிகளும் அல்லவா? அவர்கள் கையில் கருவி இல்லை; காலில் நல்ல செருப்புக்கூட இல்லை. பேரிடரில் முதலில் வந்து சேரும் படை எப்போதும் பக்கத்து வீட்டுக்காரனே. அந்தப் பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பயிற்சியும் கருவியும் கொடுப்பதே ஒரு சமுதாயத்தைத் தாங்கும் வல்லமை உடையதாக்கும் வழி.

அரசு இதை அறியாததன்று. 'ஆப்த மித்ரா' என்னும் பெயரில் 2016இல் தொடங்கிய திட்டம், 2021இல் 350 மாவட்டங்களுக்கு விரிவாக்கப்பட்டு, ஒரு இலட்சம் தொண்டர்களுக்குப் பயிற்சி என்னும் இலக்கை வைத்தது. நல்ல திட்டம். ஆனால் நாம் கேட்பது வேறு. விடியலில் மலையேறி இருட்டிய பின் இறங்கும் கூலிப் பெண்ணும் ஜீப் ஓட்டுநரும் ஒரு வார காலத்துக்கு மேல் கூலியை விட்டுவிட்டுப் பயிற்சிக்கு வரமுடியுமா? வரச்செய்ய வேண்டுமானால் அந்த நாட்களின் கூலியைக் கொடுத்தாக வேண்டும். அதைக் கொடுக்காமல் நடத்தும் பயிற்சி, சரிவில் நிற்பவனை விட்டுவிட்டுச் சமவெளியில் இருப்பவனுக்கு நடத்தும் பயிற்சியாகவே முடியும்.

பெட்டிமுடி இன்னும் கசப்பான பாடம். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அப்பால் இராஜமலைப் பகுதியில் மலை இறங்கி, தேயிலைத் தொழிலாளரின் லயன் வீடுகளை மூடியது. 70 உயிர்கள் போயின. அவர்களில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரத்தை வேராகக் கொண்ட தமிழர்கள். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போனதால், செய்தி வெளியுலகுக்கு எட்டவே மறுநாள் காலை ஆயிற்று. அவர்கள் குடும்பங்களுக்குக் கேரள அரசு அறிவித்தது தலா 5 இலட்சம். மறுநாள் இரவு கோழிக்கோட்டில் விமானம் நொறுங்கியது. அங்கே இறந்தோர் குடும்பங்களுக்கு அதே அரசு அறிவித்தது தலா 10 இலட்சம். வானூர்தியில் இறந்தவர்களுக்கு ஒரு காசு குறைக்கச் சொல்ல நமக்கு மனம் வராது. அவர்களும் வயிற்றுப்பாட்டுக்காகக் கடல் கடந்து சென்று திரும்பிய பிள்ளைகளே. ஆனால் லயனில் இறந்தவன் உயிர் அரை உயிரா என்று கேட்காமல் எப்படி இருப்பது?

உரிமையா, இரங்கலா?

நிவாரணத்தை அரசின் தயவாகப் பார்க்கும் பழக்கம் நம் மக்களிடம் ஆழ வேரோடியிருக்கிறது. அரிசிப் பையை வாங்கும்போது கும்பிடுகிறோம்; படம் எடுக்க நிற்கிறோம். 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதன் 12ஆம் பிரிவு தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம் ஆகியவற்றின் குறைந்தபட்ச அளவையும், விதவையர், அநாதைகளுக்கான ஏற்பாட்டையும், வாழ்வாதாரத்தை மீட்பதற்கான உதவியையும் பேசிற்று. 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம், அந்தப் பிரிவில் கூறப்பட்டது விருப்பமன்று, கட்டாயக் கடமை என்று தீர்ப்பளித்தது. அதன் பயனாகவே கொரோனாவில் இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 50,000 ரூபாய் கிடைத்தது. 61ஆம் பிரிவோ, உதவி வழங்குவதில் சாதி, சமயம், பால், குலம் பற்றிய வேற்றுமை காட்டலாகாது என்கிறது.

உரிமையைக் கேட்காதிருந்தால் அது தேய்ந்துபோகும் என்பதற்கும் சான்று உண்டு. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. மறுசீரமைப்புக்கென 2025 பிப்ரவரியில் மத்திய அரசு அனுமதித்த 529.50 கோடி ரூபாய் மானியமன்று, ஐம்பதாண்டுக் கடன். வட்டியில்லாத கடன்தான், ஆனாலும் கடன் கடனே. அதையும் அடுத்த மாத இறுதிக்குள் செலவிட வேண்டுமென்று நிபந்தனை. அதே 2025இல் சட்டம் திருத்தப்பட்டபோது, பாதிக்கப்பட்டோரின் கடன்களுக்குச் சலுகை தர வழிசெய்த 13ஆம் பிரிவு நீக்கப்பட்டது. வீடும் தோட்டமும் போனவனுக்கு வங்கிக் கடன் மட்டும் போகாமல் நின்றது. சட்டப் புத்தகத்திலிருந்து ஒரு பிரிவு கழன்று விழும்போது ஊரில் ஓசை கேட்பதில்லை. மலை சரியும்போதுதான் கேட்கிறது.

மறுப்போர் வாதங்கள்

"தினக்கூலியை எப்படிச் சரிபார்ப்பது? இன்று ஒரு தோட்டம், நாளை ஒரு தோட்டம், போலிகள் புகுந்துவிடுவார்கள்" என்பர். ஒவ்வொரு மூட்டை ஏலக்காயும் எந்தத் தேதியில் எந்த விலைக்குப் போயிற்று என்று ஏல மையத்தில் எழுதிவைக்க முடிகிறது. மூட்டையைக் கணக்கில் வைக்கத் தெரிந்த நாட்டுக்கு, அதை நிரப்பிய கையைக் கணக்கில் வைக்க முடியாதா? ஜீப் ஓட்டுநரின் குறிப்பேடும் கங்காணியின் கூலிப் பட்டியலும் இன்றே இருக்கின்றன. இல்லாதது அவற்றை ஏற்கும் மனமே.

"இரு மாநிலங்களின் விவகாரம், சிக்கலானது" என்பர். ஏலக்காய் எல்லை தாண்ட வழி கண்டவர்கள், அதைப் பறித்தவளின் உதவித்தொகை எல்லை தாண்ட வழி காணக்கூடாதா? தேனி, இடுக்கி இரு மாவட்ட ஆட்சியர்களும் கூடி, எல்லை கடக்கும் தொழிலாளர்க்கு ஒரு பொதுப் பட்டியல் வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

"அரசின் பணம் அளவுக்குட்பட்டது" என்பர். மெய்தான். அளவுக்குட்பட்ட பணத்தை முதலில் யாருக்குக் கொடுப்பது என்பதே கேள்வி. இழந்த பின்னும் நிலம் மிஞ்சியவனுக்கா, ஒரு நாள் கூலி நின்றால் அடுப்பு அணைபவளுக்கா?

நம் வீட்டுக் கணக்கு

அரசைக் கேட்ட கேள்வியை நம்மையும் கேட்டுக்கொள்வதே நீதி. ஆபத்து வேளையில் நம் ஜமாஅத்துகள் சோடை போனதில்லை. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது பரங்கிப்பேட்டை ஜமாஅத் சுற்றுப்புற மீனவ மக்களை அணைத்து உணவளித்ததை நாடறியும். 2019 ஆகஸ்டில் கவளப்பாறை நிலச்சரிவில், போத்துக்கல்லில் உள்ள பள்ளிவாசல் தன் தொழுகைக் கூடத்தையே பிரேதப் பரிசோதனைக்குத் திறந்துவிட்டது. எந்தச் சமயத்தவர் உடல் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பெருமைக்குரியவை இவை. ஆனால் இவையெல்லாம் ஆபத்து வந்த பின் செய்தவை. வருமுன் நாம் செய்து வைத்திருப்பது என்ன?

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு வாக்கில் மதீனாவைப் பஞ்சம் வாட்டியது. கலீபா உமர் (ரலி) அவர்கள் எகிப்துக்கும் ஷாமுக்கும் எழுதித் தானியம் வரவழைத்தார்கள். ஒரு மாகாணத்துப் பஞ்சம் மற்றொரு மாகாணத்தின் கவலையாயிற்று. உதவித்தொகை பெறுவோர் பெயர்களைப் பதிந்த திவான் என்னும் பேரேட்டை ஏற்படுத்தியவர்களும் அவர்களே. எல்லை கடந்த உதவி, பெயர் பதிந்த பேரேடு: இன்று போடிமெட்டுக் கூலிக்கு வேண்டியவையும் இந்த இரண்டுமே.

போடி, கம்பம், உத்தமபாளையம் பகுதி முஸ்லிம்கள் கைகட்டி நிற்கும் கூட்டத்தார் அல்லர். 1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த இராவுத்தர் ஹௌதியா கல்லூரி எழுந்தது. மலையடிவாரத்தில் ஒரு கல்லூரியை நிலைநாட்டியவர்களின் வழிவந்தோர்க்கு, ஒரு பேரேட்டைத் தொடங்குவது மலையைப் புரட்டும் வேலையா? ஒவ்வொரு மஹல்லாவிலும், சமயம் பாராமல், நம் தெருவிலிருந்து மலையேறும் ஒவ்வொருவர் பெயரும், போகும் தோட்டமும், ஏறும் ஜீப்பும், வீட்டில் தொடர்புகொள்ள வேண்டியவர் பெயரும் எழுதப்படட்டும். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர்களைப் பதிவுசெய்ய, படித்த பிள்ளைகள் வாரம் ஒரு மாலை ஒதுக்கட்டும். ஏலக்காய் வணிகத்தில் பொருளீட்டுவோர், ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் வறியவரும் கடன்பட்டோரும் இருப்பதை நினைவிற்கொண்டு, வேலை நின்ற மாதங்களுக்கென பைத்துல்மாலில் ஒரு பகுதியைத் தனியே வைக்கட்டும். ஜகாத்துக்கு அப்பாற்பட்ட ஸதக்காவிலிருந்து மற்றச் சமயத்துச் சகோதரிகளுக்கும் அந்தக் கை நீளட்டும்.

இதனால் அரசின் கடமை குறைந்துவிடாது. பேரேடு கையில் இருந்தால்தான் கடமையைக் கேட்கும் குரலுக்கு வலு உண்டு. அடுத்த முறை மலை சரிந்து, "உங்கள் தொழிலாளர்கள் யார், எத்தனை பேர்?" என்று அலுவலகம் கேட்கும்போது, நாம் கண்ணீரை அல்ல, பெயர்ப் பட்டியலை எடுத்து மேசைமேல் வைப்போம். எழுதிக் கொடுத்த பெயரை இல்லையென்று சொல்ல எந்த அதிகாரிக்கும் வாய் வராது. தென்மேற்குப் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் சூன் மாதம் மலையேறுகிறது. அதற்கு முந்திக்கொண்டு நம் பேனா ஏறட்டும்.